எவரெஸ்ட்டா, மவுனா கியாவா, சிம்போராசோவா? எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் கேட்க வேண்டும்

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், பள்ளி வினாடி வினாவில் "உலகின் மிக உயரமான மலை எது?" என்ற கேள்விக்கு எவரெஸ்ட் என்று சொல்லியிருக்கிறாள். நடத்தியவர் "தவறு, மவுனா கியா" என்று சொல்லி மதிப்பெண்ணை அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் வீட்டில் தேடிப் பார்த்தால் மூன்றாவதாகச் சிம்போராசோ என்று ஒரு பெயர் வருகிறது. எவரெஸ்ட்டின் உயரத்தை முதலில் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தர்தானா, 29,000 அடி என்று முழு எண்ணாக வந்ததால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று இரண்டு அடி சேர்த்தார்கள் என்பது உண்மையா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பல இருந்தாலும், பிள்ளை சொன்னது தப்பா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பில்லை. கேட்கப்பட்ட விதத்தில் அந்தக் கேள்விக்கு எவரெஸ்ட்தான் விடை. மற்ற இரண்டும் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடைகள்.

நான் பாலிடெக்னிக்கில் பல வருடம் சர்வே பாடம் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு பள்ளிகளுக்கு வினாடி வினாக் கேள்விகளும் எழுதித் தருகிறேன். அதனால் அளவை சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்ல முடியும். எரிமலைகளின் அடியில் என்ன நடக்கிறது என்பது என் பாடம் அல்ல. அதில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் சொல்வதை அப்படியே எடுத்துத் தருகிறேன்.

மலையின் உயரம் என்று எந்தப் புத்தகத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது கடல் மட்டத்திலிருந்து அளந்ததுதான். ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்கிறோம். தொட்டபெட்டாவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற உயரம் என்றோ, ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறுகிற உயரம் என்றோ யாரும் எழுதுவதில்லை. அப்படி எழுத ஆரம்பித்தால் ஒவ்வொரு மலைக்கும் அடிவாரம் எது என்று சண்டை போட வேண்டியிருக்கும். வேறு அளவுகோல் வேண்டும் என்றால் கேள்வியிலேயே அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் கடல் மட்டம் என்றுதான் பொருள்.

மவுனா கியா ஹவாய் தீவில் இருக்கும் எரிமலை. கடல் மட்டத்துக்கு மேலே 4,207 மீட்டர்தான். ஆனால் அது பசிபிக் கடலின் தரையிலிருந்து எழும்பி வருகிறது. அந்தத் தரையிலிருந்து உச்சி வரை அளந்தால் சுமார் 10,200 மீட்டர். எவரெஸ்ட்டோ ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் நிலத்தின் மேல் இருக்கிறது. நேபாளப் பக்க முகாமே 5,300 மீட்டருக்கு மேலே. திண்ணை மேல் நிற்கும் பையனின் தலை, முற்றத்தில் நிற்கும் அப்பாவின் தலையைவிட மேலே தெரியும். யார் தலை மேலே என்று கேட்டால் பையன், யார் நெட்டை என்று கேட்டால் அப்பா. மவுனா கியாவை விடையாகச் சொல்பவர்கள் இரண்டாவது கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்கிறார்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்கும் மவுனா கியா என்பது கல்லில் செதுக்கிய விடை இல்லை. அதே தீவில் பக்கத்திலேயே மவுனா லோவா இருக்கிறது. 4,169 மீட்டர், அதாவது மவுனா கியாவைவிட 38 மீட்டர் குட்டை. ஆனால் அதன் பருமன் மிகப் பெரியது. அந்த எடையில் கீழே இருக்கும் கடல்தரையே சுமார் எட்டு கிலோமீட்டர் அமுங்கிப் போயிருக்கிறது என்று அமெரிக்க ஆய்வு மையம் கணக்கிடுகிறது. அமுங்கிய அடியிலிருந்து உச்சி வரை பார்த்தால் ஏறக்குறைய 17 கிலோமீட்டர்! அடிவாரம் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டதும் மவுனா கியாவின் பட்டமே ஆட்டம் காண்கிறது. உங்கள் ஊர் வினாடி வினா நடத்தியவருக்கு இது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சிம்போராசோ ஈக்குவடார் நாட்டில் நிலநடுக்கோட்டை ஒட்டி, தெற்கே ஒன்றரை பாகை தள்ளி இருக்கிறது. உயரம் 6,263 மீட்டர். பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிறது: நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்தப் பருத்த இடத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் சிம்போராசோவின் உச்சி பூமியின் மையத்திலிருந்து சுமார் 6,384.4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 28 பாகை வடக்கே இருக்கும் எவரெஸ்ட்டின் உச்சி 6,382.3. இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் சிம்போராசோ ஜெயிக்கிறது. இதில் சந்தேகமே இல்லை, உறுதியான கணக்கு.

ஆனால் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தை 'உயரம்' என்று சொல்லலாமா? சொன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வடக்கே சுமார் 47-ஆவது பாகையில் பிறந்து, தெற்கே 29-ஆவது பாகையில் கடலில் கலக்கிறது. பூமியின் பருமன் தெற்கே போகப் போகக் கூடுவதால், அதன் முகத்துவாரம் அதன் ஊற்றைவிட பூமியின் மையத்திலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியானால் மிசிசிப்பி மேட்டை நோக்கி ஓடுகிறது என்று ஆகிவிடும். தண்ணீர் அப்படி நினைப்பதில்லை. சர்வேக்காரனுக்கு உயரம் என்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான். வாய்க்கால் வெட்டுவதும், ரயில் பாதை போடுவதும், வீட்டு மாடியில் மழைநீர்க் குழாய்க்குச் சரிவு கொடுப்பதும் எல்லாமே அதை நம்பித்தான். அசையாமல் நிற்கும் தண்ணீரின் மட்டம் எதுவோ அதுதான் பூஜ்யம். உலகத்துக்கு அப்படிப்பட்ட பெரிய நீர்மட்டம் கடல். அதனால்தான் கடல் மட்டம். வெறும் பழக்கத்தால் வந்தது இல்லை.

சரி, கடல் மட்டம் என்றால் எங்கே இருக்கும் கடல்? எவரெஸ்ட்டின் பக்கத்தில் கடல் கிடையாதே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அலை, ஓதம், காற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கடலின் மேற்பரப்பு புவியீர்ப்பு சொல்கிற வடிவத்தில் அடங்கும். கண்டங்களுக்கு அடியில் கால்வாய் வெட்டி அந்தக் கடலை உள்ளே விட்டால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்குமோ, அந்தக் கற்பனைப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். அது வழவழப்பானது அல்ல. பூமிக்குள் பொருள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மேடு, குறைவாக இருக்கும் இடத்தில் பள்ளம். உலகத்திலேயே மிகப் பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. பூமிக்குக் கணக்கில் வைத்துக்கொள்ளும் சீரான வடிவத்துக்கு நீள்கோளம் என்று பெயர்; அதைவிட அங்கே கடல் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். திருத்தம் எதுவும் செய்யாத ஜி.பி.எஸ். கருவியை மெரினாவில் வைத்தால், உயரம் என்ற இடத்தில் மைனஸ் போட்டு, பல பத்து மீட்டர் காட்டும். முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் கருவி ரிப்பேர் என்றுதான் சொல்வார்கள். கருவி சரிதான், அது அந்த நீள்கோளத்திலிருந்து அளக்கிறது, நாம் கேட்பது கடலிலிருந்து. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் கழித்துத்தான் உண்மையான உயரம் கிடைக்கும். எவரெஸ்ட் உச்சியில் ஜி.பி.எஸ். வைத்தாலும் இதே வேலை பாக்கி இருக்கிறது. அங்கே ஜியாய்டு எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றுவட்டாரமெல்லாம் ஈர்ப்புவிசையை அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். எவரெஸ்ட்டின் உயரம் பற்றிய சண்டைகளில் பாதி உச்சியைப் பற்றியதல்ல, அடியைப் பற்றியது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இதன் முதல் புள்ளி சென்னையில் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் பரங்கிமலை பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்தால் போதும், அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே இமயமலை வரை போய்விடலாம். கோணம் அளக்க அவரிடம் இருந்த தியோடலைட் அரை டன் எடை. மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்கள்தான் உயரமான இடம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதைத் தன் கையாலேயே பழுது பார்த்து மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். (அதே 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் சிம்போராசோவில் ஏறிக்கொண்டிருந்தார், உலகின் உயரமான மலை அதுதான் என்று ஐரோப்பா அன்று நம்பியது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. வினாடி வினா எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட ஆண்டுப் பொருத்தங்கள் கண்ணில் படும்.) லாம்ப்டனுக்குப் பின், சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட், அவர் 1843-ல் ஓய்வு பெற்றதும் ஆண்ட்ரூ வா என்று இந்த அளவை வேலையின் பொறுப்புக்கு வந்தார்கள்.

எவரெஸ்ட்டின் உயரம் வா காலத்து வேலை. நேபாளம் வெளியாட்களை உள்ளே விடவில்லை. அதனால் 1849-50-ல் பீகார்ச் சமவெளியில் ஆறு நிலையங்களிலிருந்து, 170 முதல் 190 கிலோமீட்டர் தூரத்தில் நின்று, 'பதினைந்தாம் சிகரம்' என்று எண் போட்டிருந்த அதன் உச்சியின் கோணத்தை அளந்தார்கள். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு மட்டுமே மலையின் அடியில் சுமார் 2,400 மீட்டரை மறைத்துவிடும். அது சுலபம், கணக்கில் சேர்த்துவிடலாம். காற்று ஒளியை வளைப்பதுதான் தலைவலி. ஒளி வளைவதால் சிகரம் இருப்பதைவிட மேலே தெரியும், இந்தத் தூரத்துக்கு முந்நூறு மீட்டர் அளவுக்கு. அந்த வளைவு காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அப்புறம் இமயமலையின் பெருங்கனம் தியோடலைட்டின் தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்கும், ஆகவே 'நேர் செங்குத்து' என்பதே கொஞ்சம் சாய்ந்திருக்கும். இந்த இழுப்பு எவ்வளவு என்று 1855-ல் கணக்குப் போட்ட கல்கத்தா பாதிரியார் பிராட், எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அளவையில் தெரிகிறது என்று கண்டு திகைத்தார். மலைகளுக்கு அடியில் இலேசான பாறை வேர் விட்டிருக்கிறது என்ற கருத்து அந்தத் திகைப்பிலிருந்து, ஏரி என்ற வானியலாளர் கொடுத்த விளக்கத்தில் பிறந்தது.

இப்போது அந்த இரண்டு அடி. 1856-ல் வா அறிவித்த எண் 29,002 அடி. கணக்கில் சரியாக 29,000 வந்தது, தோராயமாகச் சொன்னார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று இரண்டைச் சேர்த்தார்கள் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. "எவரெஸ்ட் உச்சியில் முதலில் இரண்டு அடி வைத்தவர் வா" என்று இதை வைத்து ஒரு நகைச்சுவையும் உண்டு. ஆனால் நில அளவைத் துறை பிற்காலத்தில் அச்சிட்ட பட்டியலில் ஆறு நிலையங்களின் விடையும் தனித்தனியாக இருக்கிறது: 28,991.6, 29,005.3, 29,001.8, 28,998.6, 29,026.1, 28,990.4 அடி. உங்கள் மகளையே கூட்டி ஆறால் வகுக்கச் சொல்லுங்கள். 29,002.3 வரும். தசமத்தை விட்டுவிட்டால் 29,002. யாரும் எதையும் சேர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்தக் கதை கட்டுக்கதை என்றே நான் சொல்வேன். அந்த ஆறு எண்களுக்குள்ளேயே 36 அடி வித்தியாசம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒளிவளைவுக்குக் கொடுத்த திருத்தத்தைக் கொஞ்சம் மாற்றினால் நூறு அடி ஏறி இறங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ரார்டு என்ற அதிகாரி திருத்தங்களை மாற்றிப் போட்டபோது 29,141 வந்தது. 29,002 இன்றைய எண்ணுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதில் திறமையோடு அதிர்ஷ்டமும் உண்டு, ஒரு பிழை இன்னொரு பிழையைச் சரிக்கட்டியிருக்கிறது.

ராதாநாத் சிக்தர் விஷயத்தில் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். அவர் மிகச் சிறந்த கணிதர், 1831-ல் அளவைத் துறையில் சேர்ந்தவர், பின்னர் தலைமைக் கணக்கரானவர், ஜார்ஜ் எவரெஸ்ட்டே அவர் திறமையைப் பாராட்டியிருக்கிறார். இது உறுதி. 1852 வாக்கில் கல்கத்தா அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் இந்தச் சிகரமே உயர்ந்தது என்று வாவுக்குத் தெரிவித்தார் என்று பர்ரார்டு 1904-ல் எழுதினார். சிக்தரின் பெயர் இதோடு சேர்வதற்கு முக்கிய ஆதாரம் அதுதான். ஆனால் "ஐயா, உலகின் உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவர் வாவின் அறைக்குள் ஓடி வந்தார் என்கிற காட்சியை நம்புவது கஷ்டம். சிக்தர் 1849-லேயே கல்கத்தாவுக்குப் போய்விட்டார். வாவின் கணக்கு வேலை நடந்த அலுவலகம் டேராடூனில். ஓடி வர வேண்டிய தூரம் கொஞ்சம் அதிகம். இது பல கணக்கர்கள் சேர்ந்து, சில வருடம் திருத்தித் திருத்திப் போட்ட கணக்கு. அதில் சிக்தருக்குப் பெரும் பங்கு உண்டு, அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது மிகை. 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது, அது தகும்.

பிறகு எண் மாறிய கதை சுருக்கமாக. நேபாளத்துக்குள் போய் அருகிலிருந்து அளக்க முடிந்த பிறகு, 1954-ல் இந்திய அளவைத் துறை 8,848 மீட்டர் என்றது. நம் பாடப்புத்தக எண் அதுதான். 1999-ல் அமெரிக்கர்கள் ஜி.பி.எஸ். வைத்து 8,850 என்றார்கள். 2005-ல் சீனா, உச்சியில் உறைந்திருக்கும் பனியை விட்டுவிட்டுப் பாறை வரைக்கும் மட்டும் பார்த்து 8,844.43 என்றது. பனியைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று நேபாளமும் சீனாவும் வெகுநாள் முரண்பட்டன. சீனா மஞ்சள் கடலை வைத்தும் நேபாளம் வங்கக் கடலை வைத்தும் மட்டம் எடுத்து வந்தது இன்னொரு முரண். கடைசியில் 2019-ல் நேபாள அளவையாளர்களும் 2020-ல் சீன அளவையாளர்களும் உச்சி ஏறிக் கருவி வைத்தார்கள். பொதுவான ஜியாய்டு ஒன்றை ஒப்புக்கொண்டு, 2020 டிசம்பர் 8-ஆம் தேதி இரண்டு நாடுகளும் சேர்ந்து அறிவித்த எண் 8,848.86 மீட்டர். பனியோடு சேர்த்து.

பள்ளியில் பேசப் போகிறீர்கள் என்றால் நடத்தியவரோடு மவுனா கியாவைப் பற்றி வாதாட வேண்டாம். கேள்வித்தாளில் 'அடி முதல் உச்சி வரை' என்ற சொற்கள் இருந்தனவா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் மதிப்பெண் உங்கள் மகளுக்குத்தான். நான் கேள்வி எழுதும்போது 'கடல் மட்டத்திலிருந்து', 'கடல்தரை அடியிலிருந்து', 'பூமியின் மையத்திலிருந்து' என்று மூன்றில் ஒன்றைக் கட்டாயம் போட்டுவிடுவேன். அதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். உயரம் கேட்டால் பள்ளித் தேர்வுக்கு 8,848 மீட்டர் போதும். வினாடி வினாவில் 8,848.86 என்று சொல்வதானால், 2020-ஆம் ஆண்டு அளவு என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.